‘1984’ இன்று நடக்குமா?

கேள்வி: ஆர்வெல்லின் ‘1984’ இப்போதுதான் படித்து முடித்தேன். எல்லாரையும் எந்நேரமும் பார்க்கும் அரசு, நேற்றைய செய்தித்தாளை இன்றைக்குத் திருத்தி அச்சடிக்கும் அமைச்சகம். இப்படி ஒரு சமூகம் இன்று நிஜத்தில் வர முடியுமா, இல்லை வந்தே விட்டதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி 2025, இரவு 9.50

வராது. முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒருவர் ஒரே நேரத்தில் பத்துப் பேரைத் திரையில் பார்க்கிறார் என்று வையுங்கள். நூறு பேருக்குப் பத்துக் கண்காணிப்பாளர். மூன்று ஷிப்டு, முப்பது பேர். வார விடுமுறைக்கு மாற்றாள் சேர்த்தால் முப்பத்தைந்து. ஊரில் மூன்றில் ஒருவர் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வயலுக்கு யார் போவது, பரோட்டா யார் போடுவது? அந்த முப்பத்தைந்து பேரைப் பார்க்க இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும்.

நாவல் நல்ல நாவல். கணக்குத்தான் உதைக்கிறது.

7 ஜனவரி, காலை 7.15

ராத்திரியே இரண்டு பேர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். சரிதான், தப்பு என்னுடையது. நாவலில் எல்லாரையும் எப்போதும் பார்ப்பதில்லை. எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாது, அவ்வளவுதான். பார்க்கிறார்கள் என்றே நினைத்து வாழ வேண்டும். அப்படியானால் ஆள் குறைவாகவே போதும். நேற்றைய கணக்கை அடித்துவிடுங்கள்.

7 ஜனவரி, இரவு 10.30

கிழக்கு ஜெர்மனி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆள் வைத்தே செய்து பார்த்த நாடு அது. உளவுத்துறையான ஸ்டாஸி 1950-இல் ஆரம்பித்தது. 1989 கணக்குப்படி முழுநேர ஊழியர் சுமார் 91,000. அதுபோக அக்கம்பக்கம், அலுவலகம், தேவாலயம், சில வீடுகளில் கணவன் மனைவிக்குள்ளேயே கூட, ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் 1.7 லட்சத்துக்கு மேல். நாட்டின் மக்கள்தொகையே 1.6 கோடிதான். அவர்கள் எழுதி வைத்த கோப்புகளை வரிசையாக நிறுத்தினால் 111 கிலோமீட்டர். சென்னையில் ஆரம்பித்தால் திண்டிவனத்தை நெருங்கிவிடும் தூரம்.

எனக்கு மறக்காமல் நிற்பது ஜாடிதான். சந்தேகப்பட்டவரை நாற்காலியில் உட்கார வைப்பார்கள், அடியில் ஒரு துணி இருக்கும். அவர் எழுந்து போனதும் அந்த மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள். என்றைக்காவது நாய்க்கு மோப்பம் கொடுக்க. நம் வீட்டில் ஊறுகாய் ஜாடி வைப்பது போல மனிதர்களின் வாசனை.

இத்தனையும் செய்தவர்களுக்குத் தங்கள் ஆட்சி எப்போது கவிழும் என்று தெரியவில்லை. 1990 ஜனவரியில் மக்கள் பெர்லின் தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். கடைசி வாரங்களில் ஊழியர்கள் கையாலேயே கிழித்துப் போட்ட காகிதம் ஆயிரக்கணக்கான மூட்டை. அதை இன்னும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

8 ஜனவரி, இரவு 11.05

“ஸ்டாஸி காலத்தில் ஆள் வேண்டும், இப்போது கம்ப்யூட்டர் பார்க்கும்.” ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வரியிலேயே “சீனாவில் ஆளுக்கு ஒரு மார்க் போட்டிருக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது அப்படி இல்லை. நாடு முழுவதற்கும் ஆளுக்கு ஒரு மதிப்பெண் என்று எதுவும் நடப்பில் கிடையாது. 2014-இல் மத்திய அரசு ஒரு திட்ட ஆவணம் வெளியிட்டது. ரோங்செங் போன்ற சில ஊர்களில் ஆயிரம் புள்ளியில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். நிஜமாகவே கடித்தது நீதிமன்றத்தின் கறுப்புப் பட்டியல். தீர்ப்பான கடனைக் கட்டாதவர்களுக்கு விமான டிக்கெட்டும் அதிவேக ரயில் டிக்கெட்டும் கிடைக்காது.

மார்க் கதையை விட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு ஒன்று. 2022 ஏப்ரலில் ஹெனான் மாகாணத்தில் சில கிராமப்புற வங்கிகள் பணம் எடுப்பதை நிறுத்திவிட்டன. சேமிப்புப் போட்டவர்கள் ஜூன் மாதம் தலைநகர் ஷெங்ஷோவுக்கு முறையிடப் போனார்கள். அது கொரோனா காலம், ஒவ்வொருவர் கைபேசியிலும் உடல்நலக் குறியீடு உண்டு. பச்சை என்றால் நடக்கலாம். சிவப்பு என்றால் ரயிலும் கிடையாது, கடையும் கிடையாது, நேரே தனிமை முகாம். குறியீட்டை ஸ்கேன் செய்ததும் இவர்களுக்குச் சிவப்பாக மாறியது. காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை. வங்கியில் பணம் போட்டிருந்தார்கள், அதுதான் நோய். 1,317 பேருக்கு இப்படி மாற்றியதாக நகரத்தின் ஒழுங்கு விசாரணைக் குழுவே பின்னால் அறிவித்தது.

லத்தி இல்லை, வாரண்ட் இல்லை. ரயில் நிலைய வாசலில் நிற்கும் பையன், யார் எதற்காக மாற்றினார்கள் என்று தெரியாமலேயே, “சிவப்பா இருக்கு, ஓரமா நில்லுங்க” என்று சொல்லியிருப்பான். அவ்வளவு போதும்.

9 ஜனவரி, காலை 6.40

தூக்கம் வராமல் இன்னொன்று தோன்றியது. அந்த விவகாரம் வெளியே வந்தது, சீன இணையத்திலேயே ஜனங்கள் கொதித்தார்கள், ஐந்து அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். ‘1984’-இல் இது நடக்கவே நடக்காது. அங்கே அப்படி ஒரு வங்கியே இருந்ததில்லை என்று ஆகியிருக்கும். ஆக, இது அது இல்லை. ஆனால் அதன் ஒரு துண்டு. எனக்குக் குழப்பமாக இருக்கிறது, மாத்திரை போட்டுவிட்டு வருகிறேன்.

10 ஜனவரி, மதியம் 1.20

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சிரிப்பு. 2009 ஜூலையில் அமேசான், கிண்டிலில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு புத்தகத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் அவரவர் கருவியிலிருந்து தூரத்திலிருந்தே அழித்தது. பதிப்புரிமைச் சிக்கல், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். எந்தப் புத்தகம்? ‘1984’. கூடவே ‘விலங்குப் பண்ணை’. இதையே யாராவது கதையாக எழுதியிருந்தால் “ஓவர்” என்று ஒதுக்கியிருப்போம்.

11 ஜனவரி, இரவு 9.00

“ஆர்வெல் வேண்டாம், ஹக்ஸ்லிதான் சரி, எல்லாரும் ரீல்ஸில் மூழ்கிக் கிடக்கிறோம்” என்று எழுதியவருக்கு: ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவல் எழுதிய ஹக்ஸ்லியும் அதைத்தான் சொன்னார். ஈட்டன் பள்ளியில் ஆர்வெல்லுக்குக் கொஞ்ச நாள் பிரெஞ்சு வாத்தியார் அவர். 1949 அக்டோபரில் பழைய மாணவனின் நாவலைப் படித்துவிட்டுக் கடிதம் போட்டார். முகத்தில் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டே இருப்பதெல்லாம் செலவு அதிகம், மனத்தைச் சொக்க வைத்து அடிமைத்தனத்தை அவர்களே விரும்பும்படி செய்வது சுலபம், ஆள்பவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிற மாதிரி. வாத்தியார் புத்தி, பாராட்டிவிட்டு மார்க்கைக் குறைக்கிறது.

இந்தக் கிளைக்குள் நான் போகவில்லை. என் மகன் ரீல்ஸ் பார்ப்பதை அவனே நிறுத்தலாம். சிவப்புக் குறியீட்டை அவனால் நிறுத்த முடியாது.

12 ஜனவரி, இரவு 11.40

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் அடுக்குமாடியில் 48 வீடு. போன வருடம் நான் சங்கச் செயலாளர். இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் யாரோ தினமும் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று வாட்ஸப் குழுவில் சண்டை. “கேமரா இருக்கே, பாருங்க சார்” என்றார்கள். காவலாளி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பழைய மானிட்டரில் நாலு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் என்று போனவன் மூன்று நாள் ராத்திரி போனேன்.

குப்பை வைத்தவர் கிடைக்கவில்லை. அந்தத் திருப்பத்தில் பல்பு ஃபியூஸ், எல்லாம் கறுப்பு. கிடைத்ததெல்லாம் வேறு. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் தினமும் ஏழரைக்கு வண்டியை நிறுத்துகிறார். இறங்குவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி முப்பது, நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். போனும் பார்ப்பதில்லை. அப்புறம் தலையைச் சீவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போகிறார்.

ஒரு வாரம் கழித்து லிஃப்டில் அவரைப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன சார், வண்டியிலேயே கொஞ்ச நேரம் ரெஸ்டா?” என்றேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே அக்கறையில்தான். அவர் முகம் போன போக்கைச் சொல்லத் தெரியவில்லை. மேலே தகரக் கூரையில் இருந்த கேமராவை ஒருமுறை பார்த்தார். மறுநாளிலிருந்து வண்டியைத் தெருவில் நிறுத்துகிறார்.

எனக்குச் சம்பளம் இல்லை, ஷிப்டு இல்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆறாம் தேதி போட்ட கணக்கில் இந்த ஆளை நான் சேர்க்கவே இல்லை.

17 ஜனவரி, காலை 10.10

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் நாவலை மறுபடி படித்தேன். முதல் தடவை கண்ணில் படாதது இப்போது பட்டது.

அந்தச் சமூகத்தில் 85 சதவீதம் பேர் ‘ப்ரோல்’ எனப்படும் உழைக்கும் ஜனங்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் வேவு பார்க்கும் திரையே கிடையாது. அவர்கள் என்ன பேசினாலும் கட்சிக்கு அக்கறை இல்லை. மிருகங்களைப் போல அவர்களும் சுதந்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பயங்கரம் முழுவதும் மிச்சப் பதினைந்து சதவீதத்துக்கு. கதாநாயகன் அந்தப் பதினைந்தில் ஒருவன், அதனால் நமக்கு நாடே சிறை மாதிரி தெரிகிறது. ப்ரோல் ஒருவர் அந்த நாவலை எழுதியிருந்தால் பீர் விலையும் லாட்டரியும்தான் அதிகம் இருந்திருக்கும்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். “இப்படி ஒரு சமூகம் வருமா” என்று கேட்டால் நாம் முழு நாடும் ஒரே இரவில் மாறுவதைக் கற்பனை செய்கிறோம். யாருக்கு வருகிறது என்று கேட்டால் பதில் மாறுகிறது.

17 ஜனவரி, காலை 10.25

நெருக்கடிநிலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1975 ஜூன் 25 ராத்திரி. பத்திரிகைத் தணிக்கை, மிசா கைது, 1976-77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவை. வடக்கே பல இடங்களில் வாத்தியார்களுக்கே இத்தனை ஆள் பிடித்து வர வேண்டும் என்று இலக்கு. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-இல் ஆட்சியைக் கலைக்கும் வரை சூடு அவ்வளவாக இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது, ரயில் நேரத்துக்கு வந்தது என்று மாமா சொன்னதுதான் ஞாபகம். டெல்லி துருக்மான் வாசலில் வீடு இடிபட்டவர் அதையா சொல்லியிருப்பார்?

வேடிக்கை ஒன்று: ஆர்வெல் பிறந்ததும் ஜூன் 25. 1903, பிகாரின் மோதிஹாரி. அப்பா அபினி இலாகாவில் வேலை.

19 ஜனவரி, இரவு 10.50

ஊரில் இந்த முறை அப்பத்தாவின் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் முதலில் வடக்கே வந்தது. 1911-இல் திருத்தி எழுதிய பிறகு சென்னை மாகாணத்திலும் விரித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். ஒருவர் திருடினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சாதியில் பிறந்தால் போதும், ரேகை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றலாம். அந்த அறிவிப்பை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்க முடியாது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ராத்திரி சாவடிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். எங்கள் பக்கம் இதற்குப் பெயரே ரேகைச் சட்டம். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் சேர்த்து. மதுரையில் இவர்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ஜனங்கள் ரோசாப்பூ துரை என்றார்கள். சட்டம் இங்கே போனது 1947-இல், நாடு முழுக்க 1952-இல்.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். அப்பத்தா சொன்னது கிடைக்காது.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பா ராத்திரிக் கஞ்சி குடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். “அய்யா எங்க போகுது?” என்றால் “ரேகைக்கு” என்று அம்மா சொல்லுவாளாம். ரொம்ப நாள் அவள் ரேகை என்பது ஒரு ஊர் என்று நினைத்திருந்தாள். பெருவிரலில் மை வைத்த நாளில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது நிலைக்கதவில் விரலைத் தேய்ப்பார். அந்த மரத்தில் இடுப்பு உயரத்துக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டு. வெள்ளையடிக்கும்போதெல்லாம் அவள் அம்மா சாம்பல் போட்டுத் தேய்ப்பாளாம், போகாது. நான் அந்தத் திட்டைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தபோது கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

அப்பத்தா இன்னொன்றும் சொல்லுவாள், கோபமே இல்லாமல். “நாலு வீடு தள்ளி அடுத்த தெரு. அங்கன உள்ளவுக ஆம்பளைக எல்லாம் கூத்துப் பார்க்கப் போவாக. எங்கய்யா சாவடியில கெடக்கும். கூத்துச் சத்தம் அதுக்கும் கேக்கும்ல?”

நடக்குமா என்று இரண்டு வாரமாக நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது இந்த வீட்டிலிருந்து வந்த ஆள்.

20 ஜனவரி, இரவு 8.15

“அது வெள்ளைக்காரன் காலனி ஆட்சி, எதிர்காலக் கற்பனையோடு எப்படி ஒப்பிடலாம்” என்பது நியாயமான கேள்விதான். முழுசாக ஒன்று என்று நான் சொல்லவில்லை. நாவலில் மனத்துக்குள் புகுந்து திருத்துகிறார்கள். இங்கே மனம் யாருக்கு வேண்டும், உடம்பு சாவடியில் இருந்தால் சரி.

ஆனால் இரண்டு விஷயம். ஆர்வெல் தானே 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர், ஏட்டில் பெயர் எழுதும் பக்கம் உட்கார்ந்திருந்தவர். கண்காணிப்பு அவருக்குக் கற்பனை இல்லை. அடுத்தது சொற்கள். நான் படித்தது கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளி. இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் அந்தப் பள்ளிகள் உண்டு, நல்ல பள்ளிகள், எனக்குச் சோறு போட்டதே அந்தப் படிப்புதான். பத்து வருடம் அந்தப் பலகைக்குக் கீழே நடந்தும் ‘சீரமைப்பு’ யாரை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாவலில், வேறு மாதிரி யோசிக்கவே விடாமல் கட்சி உண்டாக்கும் ‘புதுமொழி’ இப்படித்தான் வேலை செய்யும் போல.

1947-இல் முடிந்தது என்று நேற்று எழுதியதும் அரைகுறை. அடுத்த வருடமே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று வேறு பெயரில் ஒன்று வந்தது. சாதிக்குப் பதில் ஆள்.

26 ஜனவரி, மதியம் 3.30

விடுமுறை. காலையில் கொடி ஏற்றிவிட்டு மிட்டாய் கொடுத்தோம். வாசலில் நின்றபோது ஒன்று கவனித்தேன். ஒரு வருடம் செயலாளராக இருந்தும் கவனிக்காதது.

எங்கள் கேட்டில் ஒரு ஆப். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் போட்டோ, எண், ஆதார் நகல். உள்ளே வரும்போது எண் சொல்ல வேண்டும், வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். குடியிருப்பவர்கள் பையை யாரும் கேட்பதில்லை. இதுவரைக்கும் எல்லா ஊரிலும் உள்ளதுதான். அந்த ஆப்பில் வேலைக்காரர்களுக்கு ஸ்டார் போடும் வசதி உண்டு. நேரத்துக்கு வருகிறாரா, சுத்தமா, நடத்தை எப்படி. நாற்பத்தெட்டு வீடும் பார்க்கலாம். சம்பந்தப்பட்டவர் பார்க்க முடியாது.

எங்கள் வீட்டுக்கு ஏழு வருடமாக வரும் அக்காவுக்கு 3.2. யாரோ இரண்டு வீட்டார் ஒரு ஸ்டார் போட்டிருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை. போன தீபாவளிக்குப் பிறகு அவருக்குப் புது வீடு எதுவும் கிடைக்கவில்லை. ஏன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாமல் இருந்தது.

எட்டாம் தேதி ரோங்செங்கைப் பற்றி மேதாவி மாதிரி திருத்தம் எழுதினேனே, அதே நாள் இந்த ஆப்பில் என் விரலால் “அனுமதி” அழுத்தியிருப்பேன்.

27 ஜனவரி, காலை 7.50

அவசரப்பட்டு யாரும் சங்கத்தின் பெயர், ஆப்பின் பெயர் கேட்க வேண்டாம். சொல்லமாட்டேன். அதை வாங்கலாம் என்று கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

2 பிப்ரவரி, இரவு 9.40

இன்று சங்கக் கூட்டம். ஸ்டாரை எடுத்துவிடலாம் என்றேன். “பாதுகாப்பு சார்”, “நல்லவங்களுக்கு இதனால நல்லதுதானே”, “நம்மளத் தவறா சொல்லலையே”. பதினாறு வீடு வந்திருந்தது, என் பக்கம் ஐந்து கை. மூன்றாம் மாடிக்காரர் கை தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து காட்டுவதை மட்டும் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். அதுவும் காவலாளிக்கு வேலை மிச்சம் என்பதால்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டார் என்றால் என்ன, 3.2 என்றால் என்ன, யார் பார்ப்பார்கள் எல்லாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்த ரெண்டு வீடும் எதுன்னு தெரியும் சார். ஒண்ணு மூணு மாசம் சம்பளம் நிறுத்தி வச்சது, நான் கேட்டேன். இன்னொண்ணு எதுன்னு உங்களுக்கே தெரியும்.”

எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் மனைவியைக் கேட்டேன். அவளும் பதில் சொல்லாமல் அடுப்பை அணைத்தாள்.

3 பிப்ரவரி, காலை 6.20

ஆப்பில் நாம் போட்ட ஸ்டாரை மாற்ற முடிகிறது. மாற்றியாகிவிட்டது. அக்காவுக்கு இப்போது 3.9.